ஏனுங்க தலைவி

கொங்கு நாட்டில் ‘ங்க’ இனாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். காய் வாங்கினால் கொசுறாக வந்து விழும் கொத்தமல்லி மாதிரி, வாயைத் திறந்தால் வந்து விழுகிறதே என்று. பஸ்ஸில் காலை மிதித்தவனைக்கூட ‘ஏனுங்க, காலுங்க’ என்றுதான் சொல்வார்கள். பொண்ணுப் பார்த்துப் பஜ்ஜி தின்றுவிட்டு, ‘ஒத்து வராதுங்க’ என்று நோகாமல் சொல்லியனுப்புவார்கள். ஆனால் உள்ளூர்த் தராசில் அது எடைபோட்டுத்தான் வழங்கப்படுகிறது. செங்கரட்டுப்பாளையத்து ஆறுச்சாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. இத்தனை வயதில் வீட்டு வாசலுக்கு வெளியே ஊருக்குள் அவருக்கு நிறுத்துப் போடப்பட்ட ‘ங்க’ ஒரு கை விரலுக்குக் காணாது.

‘ங்க’ இருக்கட்டும், பேரே முழுசாகக் கிடையாது. காரணம், ஊரில் ஏற்கெனவே ஒரு ஆறுச்சாமி இருந்தார். உயர்நிலைப் பள்ளிக்கு நிலம் கொடுத்த பெரியவர். பள்ளி வளைவில் ‘உபயம்: ஆறுச்சாமி’ என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறது. அவர் பேரைச் சொல்லித் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டால் பெரியவரையே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடாதா? அதனால் பாதியை வெட்டி ‘ஆறான்’ ஆக்கிவிட்டார்கள். வளைவின் மேலே இருந்தவர் ஆறுச்சாமி. வருஷா வருஷம் ஏணி வைத்து ஏறி அந்த எழுத்துக்குப் பெயின்ட் அடித்தவர் ஆறான்.

பெரியவருடைய மகன் தனபால், தோட்டத்து ஆட்களுக்குப் ‘பண்ணாடி’, அதாவது முதலாளி. நாற்பத்திரண்டு வயது. சரவணம்பட்டியில் முளைத்த கண்ணாடிக் கட்டடங்கள் வருஷத்துக்கொரு மைல் வடக்கே நகர்ந்து வந்ததில், தென்னந்தோப்பை வெட்டி சைட் போட ஆரம்பித்தவர். தென்னைக்குக் குழி எடுத்த ஆறுச்சாமியின் கை இப்போது சைட்டுக்கு எல்லைக்கல் நட்டது. மோட்டார் ரூம் சாவியும் அவரிடம்தான். ரூமுக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த இரண்டு அறை வீட்டில் குடும்பம் இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு.

அவர் நட்ட கல்லுக்கு ஒரு பேர் உண்டு. மூன்றடிக் கல்லில் முக்கால் அடிதான் வெளியே தெரியும். குழிக்கு அடியில் ஓட்டுச்சல்லி போட்டு, கல்லை நிறுத்தி, சுற்றிலும் சுக்காங்கல்லைத் திணித்து, தண்ணீர் விட்டு விட்டு இடிப்பார். “ஆறான் நட்ட கல்லு யானை முட்டுனாலும் அசையாதுங்க” என்று சைட் வாங்க வருகிறவர்களிடம் தனபால் சொல்வார். அந்த ‘ங்க’ வாங்க வந்தவர்களுக்கு.

அவர் மனைவி ராசம்மாளுக்கு நிலைமை வேறு. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். பேட்ஜ் தொங்கும் பிள்ளைகள் ‘அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா’ என்பார்கள். பகலெல்லாம் அந்தக் காற்றில் இருந்துவிட்டுப் பொழுதோட ஊருக்குள் இறங்கினால் ‘ஏ ராசு’.

அவர்களுக்கு ஒரே மகள், மதிவதனி. அந்த ஜூன் மாதம் பத்தாவதுக்குப் போனாள். வகுப்பில் அவள்தான் முதல்.

பள்ளியிலும் ஆள் மாறியிருந்தது. தோட்டம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகளெல்லாம் மஞ்சள் வேனில் ஏறித் தனியார் பள்ளிகளுக்குப் போய்விட்டன. தனபாலின் அக்ஷயாவும் ரித்திகாவும் அப்படித்தான். மிச்சமிருந்தது காலனிப் பிள்ளைகளும், ஃபவுண்டரி லைன் வீடுகளில் இருக்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகளும். மதியோடு படித்த ஒடிசாப் பெண் ஒருத்தி தமிழைக் கற்றுக்கொண்ட வேகத்தில் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போடுவாள். “அந்த நாயிங்க கடிக்குமுங்க, பாத்துப் போங்க” என்று ஒருநாள் ஆறுச்சாமியிடம் சொன்னாள். மேலே சொன்ன ஒரு கை விரலில் அது ஒன்று.

“அப்பா, நம்ம ஸ்கூலு மேல்நிலைப் பள்ளியாகப் போவுதாம். பதினொண்ணாவது இங்கயே வந்துருமாம்” என்றாள் மதி, கொள்ளுப்பருப்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே.

“வந்தாப் படி கண்ணு.”

“வராட்டி?”

“வராட்டி வேண்டாம். ரெண்டு பஸ்ஸு மாறி டவுனுக்குப் போயி வாரதெல்லாம் நம்மளுக்கு ஆவாது.”

“ரிஃபத் டீச்சரு தெனமும் உக்கடத்துலருந்து ரெண்டு பஸ்ஸு மாறித்தானுங்கப்பா வாறாங்க.”

“அவிய டீச்சரு.”

“டீச்சராவறதுக்கு முன்னால அவங்களும் புள்ளதானப்பா.”

ஆறுச்சாமி தட்டைத் தள்ளி வைத்தார். அக்கா மகள் ஒருத்தி அப்படித்தான் பஸ் மாறிப் போனாள். பஸ்ஸில் எவனோ என்னமோ சொன்னான் என்று நிறுத்தி, மில்லுக்கு அனுப்பினார்கள். பதினாறு வயதில் பஞ்சுத் தூசி. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாத ஆள். “சொன்னாச் சொன்னதுதான்” என்று கை கழுவப் போய்விட்டார்.

*

பதினோரு வருஷமாகப் பெற்றோர் கழகத்துக்குத் தனபால்தான் தலைவர். பள்ளியில் தனக்குப் பிள்ளை இல்லையே என்று அவரும் கூச்சப்பட்டதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. அந்த வருஷம் மேலாண்மைக் குழு என்று ஒன்று வந்து, அதற்குத் தலைவி அங்கே படிக்கும் பிள்ளையின் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். தனபால் அசரவில்லை.

“நம்ம ராசுவப் போட்டுருங்க டீச்சரம்மா. நம்ம தோட்டத்து ஆளுதான். எங்க காட்டறமோ அங்க கையெழுத்துப் போடும்” என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள்.

வெளியே வந்ததும் தனபால் வளைவுக்குக் கீழே நின்று, “ஏனுங்க தலைவி, சௌக்கியமுங்களா?” என்று இரண்டு கையும் கூப்பினார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறுச்சாமியும் சிரித்தார். ராசம்மாள் மட்டும், “சௌக்கியமுங்க பண்ணாடி” என்று நிஜமாகவே பதில் சொல்லிவிட்டு நடந்தாள்.

“வெளையாட்டுக்குச் சொன்னாருப்புள்ள” என்றார் ஆறுச்சாமி வழியில்.

“தெரியுமுங்க. வெளையாட்டுக்காச்சும் வாயில வந்துச்சல்லோ.”

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சாதம். மேலே நெய் ஊற்றினாள், பதவிக்காக.

*

ஆடிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்பி வந்து செம்மண்ணைச் சுருட்டி வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தனபால் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“டே ஆறா. பள்ளிக்கூடத்து மைதானத்துல தெக்கோரமா முப்பதடி அளந்து கல்லு நட்டுரு. பொறத்தால புது சைட்டுக்குத் தடம்.”

“பள்ளிக்கூடத்து எடமல்லங்க பண்ணாடி?”

“பழைய வண்டித்தடம்டா. எங்கப்பன் எடத்துல எங்கப்பன் வண்டி போன தடம். உனக்குத் தெரியாததா?”

வண்டி போனது வாஸ்தவம்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால், சின்னப் பையனாக, அந்த வண்டியை ஓட்டியதே ஆறுச்சாமிதான். கயிறு பிடித்தார். கடப்பாரையை இறக்கினார். மேல்மண் ஒரு சாண், அதற்குக் கீழே சுக்கான். நெற்றி வேர்வையில் தூசி ஒட்டி முகமே செங்கல்லாகிவிட்டது. மத்தியானத்துக்குள் ஆறு கல். பழைய சோறும் வெங்காயமும் கொண்டுவந்த மதி, தூக்குப்போசியை வைத்துவிட்டு நின்றாள்.

“அப்பா, இது எங்க கோ-கோ கோர்ட்டு.”

“பழைய தடம் கண்ணு.”

அவள் பாத்திரத்துக்குக் காத்திராமல் திரும்பி நடந்தாள். சாயங்காலத்துக்குள் பதினோரு கல்லும் நட்டு முடித்து, ஒவ்வொன்றாய்க் காலால் உதைத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. செய்த வேலை திருத்தமாக இருந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

விஷயம் ரிஃபத் டீச்சர் மூலமாகத்தான் வெளியே வந்தது. கணக்கு டீச்சர். குழுவின் தீர்மானப் புத்தகம் எழுதுவதும் அவர்தான். ராசம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: மேல்நிலைப் பள்ளி ஆக வேண்டுமென்றால் இவ்வளவு இடம் இருந்தாக வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. நம்மிடம் இருப்பது சரியாக அந்த அளவு. தடம் போனால் பதினாலு சென்ட் குறையும். குறைந்தால் இந்த ஜென்மத்தில் பதினொன்றாவது வராது. தடத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று குழு தீர்மானம் போட்டால்தான் தனபாலுக்கு ரோடு. தலைவி கையெழுத்து இல்லாமல் தீர்மானம் இல்லை.

“அதுக்குத்தானுங்களா டீச்சர் என்னையத் தலைவியாக்குனாங்க?” என்றாள் ராசம்மாள்.

ரிஃபத் டீச்சர் பேனாவை மூடித் திறந்தார். அதுதான் பதில்.

*

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் தனபால் மோட்டார் ரூம் வீட்டுக்கே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வாசலில் நின்றதுண்டு, உட்கார்ந்ததில்லை. ராசம்மாள் பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க தலைவி, வேலையா இருந்தீங்களா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆறுச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். பண்ணாடி வாயில் நிஜ ‘ங்க’ வந்தால் எதிரில் இருப்பவரிடமிருந்து ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். நிலம் வாங்கும்போது அப்படித்தான் பேசுவார்.

“ஒண்ணுமில்லீங்க. அந்தத் தீர்மானத்துல ஒரு கையெழுத்து. எங்கப்பா குடுத்த எடந்தானுங்க. அடுத்தவன் சொத்தயா கேக்கறோம்?”

“அதானுங்க பண்ணாடி. குடுத்துப்போட்டாங்கல்லோ” என்றாள் ராசம்மாள்.

தனபால் சிரித்தார். “செரி, உடுங்க. உங்க புள்ள நல்லாப் படிக்குதுன்னு கேள்விப்பட்டனுங்க. எங்க அக்ஷயா படிக்கற ஸ்கூல்லயே பதினொண்ணாவது சீட்டு வாங்கிக் குடுத்தர்றேன். நடத்தறது நம்ம பங்காளிதான். ஒத்தப் பைசா வேண்டாம். வேன்லயே போயி வேன்லயே வந்துக்கலாம். பஸ்ஸு மாறற வேலையே இல்லீங்க.”

ஆறுச்சாமியின் மனசு அப்போதே மஞ்சள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டது. “செஞ்சுபோடலாமுங்க பண்ணாடி” என்று வாய் தானாகச் சொன்னது.

ராசம்மாள் அவரைப் பார்க்கவில்லை. “பத்தாவதுல நாப்பத்திமூணு புள்ளைங்க இருக்குதுங்க. வேன்ல எடம் பத்துமுங்களா?”

“ஒரு மாட்டுக்கு வெல பேசறப்ப மந்தையவே கேட்டா எப்படிங்க தலைவி?”

“சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுப் பேசறதா இருந்தா ஒரு மாடுதானுங்க. சுத்தி நிக்கறவனுக்குத் துண்டு ஆடறதுதான் தெரியும். நீங்க துண்ட எடுத்துப்போட்டுக் கூட்டத்துல வந்து கேளுங்க. மந்தைக்கே பேசிக்கலாமுங்க.”

தனபால் எழுந்தார். சொம்பைத் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது.

“கெட்டிக்காரத்தனமா பேசிப்போட்ட” என்றார் ஆறுச்சாமி. “நம்ம புள்ளைக்கு வந்த சீட்டு அது.”

“நம்ம புள்ளையப் பெத்த மாதிரித்தானுங்க அந்த நாப்பத்திரண்டு பேரும் பெத்திருக்கறாங்க. என்னைய நம்பிக் கை தூக்குனவங்க.”

“சும்மா தூக்குனாங்கடி! அவரு தூக்கச் சொன்னாரு, தூக்குனாங்க!”

“இருக்கட்டுமுங்க. எறக்கச் சொல்லலியல்லோ.”

அடுத்த வாரம் கூட்டம். தீர்மானத்தை வாங்கி ஒவ்வொரு எழுத்தாய் விரல் வைத்து வாசித்துவிட்டு ராசம்மாள் சொன்னாள்: “இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க.” அவ்வளவுதான். வேறு பேச்சு இல்லை.

தனபால் வெளியே வந்தார். வேப்ப மரத்தடியில் நின்ற ஆறுச்சாமியிடம் கை நீட்டினார். “டே ஆறா, சாவியக் குடு. தீவாளிக்குள்ள ஊட்டக் காலி பண்ணிப்போடு.”

*

ஃபவுண்டரி லைனில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக்குக் குடி மாறினார்கள். ஆறுச்சாமிக்கு ஃபவுண்டரியில் மணல் சலிக்கும் வேலை கிடைத்தது. நாள் முடிந்து துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். ஐப்பசி மழை தகரத்தில் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அவர் ராசம்மாளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். சோறு போட்டால் சாப்பிடுவார். போடாவிட்டால் கேட்கமாட்டார். கேட்டுவிட்டால் அதுவும் ஒரு பேச்சல்லவா.

அந்த மழையில்தான் இடம் பார்க்கும் அதிகாரி வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தவர் தெற்கோரத்தில் நின்றார். பதினோரு கல்லையும் எண்ணினார். ‘இடத்தில் ஆக்கிரமிப்பு உள்ளது. அகற்றிய பின் மறுபடி பார்க்கலாம்’ என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே மதி அதைச் சொன்னாள். அழவில்லை. “ஆள விட்டுப் புடுங்கப் பாத்தாங்களாம்ப்பா எச்.எம். டீச்சரு. அசையலயாம். ஜேசிபி கொண்டுவர ஆரும் ஒத்துக்கலயாம், தனபால் பண்ணாடிக்குப் பயந்துட்டு.”

ஆறுச்சாமி அன்று சோற்றுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யானை முட்டினாலும் அசையாது. எத்தனை பேரிடம் தனபால் சொல்ல, பெருமையாய்க் கேட்டு நின்ற வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடப்பாரையை இரவல் வாங்கிக்கொண்டு போனார். நட்டவனுக்குத்தான் தெரியும், எந்தப் பக்கம் சுக்கான் திணித்தது, எந்தப் பக்கம் இளக்கம் என்று. கிழக்கே நெம்பி, குழியில் தண்ணீர் விட்டு, மேற்கே தள்ளினார். முதல் கல் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நடும்போது ஒரு பகலில் முடிந்த வேலை. நான்காவது கல்லில் உள்ளங்கை கிழிந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டார்.

வேலிக்கு அப்பால் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“டே ஆறா! ஆரக் கேட்டுடா புடுங்கற?”

ஆறுச்சாமி நிமிரவில்லை. கடப்பாரையை இன்னொரு பிடி இறக்கினார்.

“நட்டவனக் கேட்டுத்தானுங்க.”

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது. அடுத்த ஞாயிறும் வந்து மிச்சத்தை எடுத்தார். பதினோரு கல்லையும் உருட்டிப் போய் வேப்ப மரத்தைச் சுற்றிப் போட்டார். திங்கட்கிழமை மத்தியானம் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து தட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். வீட்டில் இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராசம்மாளும் கேட்கவில்லை. அவருடைய உள்ளங்கைக்கு மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

*

அதிகாரி மறுபடி வந்தது தை கழிந்து. உத்தரவு வந்தது சித்திரை வெயிலில். மதியின் பத்தாவது ரிசல்ட்டும் வந்தது. பள்ளியில் முதல், ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தொன்று. உத்தரவை வாசித்துச் சொல்ல மே மாதக் கடைசியில் கூட்டம் போட்டார்கள்.

ஹாலில் ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. மேஜைக்குப் பின்னால் நடு நாற்காலியில் ராசம்மாள். பக்கத்தில் தீர்மானப் புத்தகத்தோடு ரிஃபத் டீச்சர். முன்வரிசையில், நிலம் கொடுத்தவர் மகன் என்ற மரியாதையில், தனபால். ஆறுச்சாமி கடைசி வரிசையில் கதவோரம் இருந்தார். ஃபவுண்டரியிலிருந்து நேராக வந்ததால் காதுமடலில் கரி.

பள்ளி மேல்நிலைப் பள்ளியாகிறது என்றார் தலைமையாசிரியை. கை தட்டினார்கள். வகுப்பு எப்போது தொடங்கும் என்ற வரியை அவர் கொஞ்சம் வேகமாகவே வாசித்துவிட்டுப் போனார். தட்டுகிற சத்தத்தில் அது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

“ஆருக்காச்சும் கேக்கறதுக்கு இருக்குதுங்களா?” என்றாள் ராசம்மாள்.

ஆறுச்சாமி எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“ஏனுங்க தலைவி.”

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பழைய கேலி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ராசம்மாள் சிரிக்கவில்லை. ஏழு மாசத்துக்குப் பிறகு புருஷன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“சொல்லுங்க” என்றாள்.

“இந்த வருசம் பத்தாவது முடிச்ச புள்ளைங்க, வார மாசம் இங்கயே பதினொண்ணுல சேர முடியுமுங்களா?”

பதில் அவருக்குத் தெரியும். மதி உத்தரவை வாசித்துச் சொல்லியிருந்தாள். ராசம்மாளுக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“முடியாதுங்க. அதிகாரி மொதத் தடவ வந்தப்ப திரும்பிப் போனதுல ஒரு வருசம் தள்ளிப் போச்சுங்க. இப்ப ஒம்பதாவது முடிச்சவங்களுக்குத்தான் இங்க கெடைக்கும். இந்த நாப்பத்திமூணு பேருக்கும் இல்லீங்க.”

கை தட்டியவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதிகாரி எதுனால திரும்பிப் போனாருங்க?”

“மைதானத்துல கல்லு இருந்துதுங்க.”

“அந்தக் கல்ல நட்டது நானுங்க” என்றார் ஆறுச்சாமி. “ஆரு சொல்லி நட்டேங்கறது வேற. நட்ட கை என்றது. அதையும் எழுதிக்கோங்க டீச்சர். என்ற புள்ளைக்கு ரெண்டு பஸ்ஸு மாறி டவுனுல படிக்கறதுன்னு முடிவாயிருச்சுங்க. மொத மாசம் நானே கூடப் போயி உட்டுட்டு வாரேன். கூட ஆரு புள்ளைங்க வந்தாலும் சேத்துக் கூட்டிட்டுப் போறேனுங்க. அவ்வளவுதானுங்க.”

ரிஃபத் டீச்சர் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்: “உங்க பேரு எப்படிங்க எழுதட்டும்?”

முன்வரிசையில் தனபாலின் தலை திரும்பியது.

“ஆறுச்சாமிங்க.”

பேனா ஓடியது. அவர் உட்காரவில்லை. “எழுதுனத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்.”

ரிஃபத் டீச்சர் புத்தகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து வாசித்தார். “பெற்றோர் திரு. ஆறுச்சாமி அவர்கள் எழுந்து, இவ்வாண்டு மாணவர்களின் நிலை குறித்து வினவினார்கள். எல்லைக்கற்களை நட்டது தாமே எனவும் தெரிவித்தார்கள்.”

“செரீங்க” என்று ஆறுச்சாமி உட்கார்ந்தார்.

ராசம்மாள் மேஜை மேல் இருந்த காகிதத்தை நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது. இன்னொரு தரம் நேராக்கினாள்.

“அடுத்த தீர்மானம் என்னுங்க டீச்சர்?”